மொய் எழுதக் கூடாத இடம்

1

நெருக்கடி வந்தால் மனிதர்கள் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை நம்மிடையே பலமாக இருக்கிறது. வெள்ளமோ புயலோ ஊரடங்கோ, வடிந்த பிறகு பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். நம்பிக்கை பொய்யில்லை. ஆனால் அது பாதி வாக்கியம். ஒன்றுசேர்ந்தவர்கள் எதைப் பகிர்ந்துகொண்டார்கள், எதைப் பகிராமல் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள், நெருக்கடி தீர்ந்தபின் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படி ஏறிட்டுப் பார்த்தார்கள் என்பது மீதிப் பாதி. தார்மீகப் பிரச்னை அந்த மீதிப் பாதியில் இருக்கிறது. நல்ல மனசு, ஒற்றுமை என்ற சொற்களைப் போட்டு அதை மூடிவிடுவது சுலபம். மூடியபின் யோசிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்தப் பிரச்னை கூர்மையாகத் தெரிவது சிறு கலைத்தொழில்களில். தறி, வார்ப்பு, சாயம், பொம்மை, அச்சு என்று கையையும் கண்ணையும் முதலாக வைத்துப் பிழைக்கும் சிறிய பட்டறைகளைச் சொல்கிறேன். இவர்கள் ஒருவருக்கொருவர் தரக்கூடிய பெரிய பொருள் தொழில் நுணுக்கம்தான். அரிசியைக் கொடுத்தால் கொடுத்தவனிடம் அரிசி குறையும். கணக்கு அதோடு தீர்ந்தது. நுணுக்கத்தைக் கொடுத்தால் கொடுத்தவனிடம் அது குறைவதில்லை. கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். படித்ததில் விட்டுப்போனது ஒன்று உண்டு. நுணுக்கம் குறையாது, சரி. அதை நாடி வருகிறவர்களின் எண்ணிக்கை கூடவும் கூடாது. நேற்று ஒருவனிடம் வந்த பத்துப் பேர் நாளை இரண்டு பேரிடம் ஐந்து ஐந்தாகப் பிரிவார்கள். ஆகவே, ஒரே சந்தையில் நிற்கிறவனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுப்பது அரிசி கொடுப்பதைவிட விலை கூடிய காரியம்.

கேரளத்து ஆறன்முளையில் உலோகத்தை வார்த்துத் தேய்த்து மெருகேற்றி முகம் பார்க்கும் கண்ணாடி செய்கிறார்கள். செம்பும் வெள்ளீயமும் சேரும் விகிதம் சில குடும்பங்களுக்குள்ளேயே இருந்து வருகிறது. இதைச் சுயநலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு அந்த விகிதம்தான் நிலம், அதுதான் பட்டா. மாதம் பிறந்தால் கணக்கில் சம்பளம் வரவாகிவிடும் ஒரு வங்கிக் குமாஸ்தா, ரகசியத்தை ஊருக்குத் திறந்துவிடுங்கள் என்று அவர்களுக்கு உபதேசம் செய்வது அபத்தம். பகிர்தலைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பகிர்வதற்குத் தம்மிடம் ஒன்றும் இல்லாதவர்கள், அல்லது பகிர்ந்தாலும் ஒன்றும் போய்விடாதவர்கள்.

கேள்வியை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒரே வாடிக்கையாளர்களை நம்பி நிற்கும் இரண்டு கலைத்தொழில்காரர்கள் நெருக்கடியில் ஒருவருக்கொருவர் எதைத் தரலாம்? எதைத் தரக்கூடாது?

2

பதிலைத் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1960களின் தொடக்கத்தில் சென்னை ஓவியக் கல்லூரியிலிருந்து வெளியே வந்த இளைஞர்களுக்கு இருந்த நெருக்கடி, புயலைப்போல ஒரே இரவில் வந்ததல்ல. வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தது. நவீன ஓவியத்தை வாங்க ஊரில் ஆள் இல்லை. டிராயிங் மாஸ்டர் உத்தியோகம், விளம்பரக் கம்பெனி, நெசவாளர் சேவை மையத்தில் டிசைன் போடும் வேலை, இவற்றில் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்தவன் படிப்படியாக வரைவதை விட்டுவிடுவதும் உண்டு. பிழைப்பு கிடைத்தால் கலை போகிறது, கலையைப் பிடித்துக்கொண்டால் பிழைப்பு இல்லை என்ற இந்த ஸ்திதியைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். 1957 முதல் 1967 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் நண்பர்களுமாகச் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார்கள். பாத்திக் துணியும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் எட்டுப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் அப்படித்தான் தோன்றியது.

அவர்கள் பாத்திக்கை எடுத்துக்கொண்டதில் யோசிக்க விஷயம் இருக்கிறது. பாத்திக் ஜாவாவின் தொழில். 1927இல் தாகூர் ஜாவா போய் வந்தபின் சாந்திநிகேதனில் அது பழக்கத்துக்கு வந்தது. சென்னையில் அது யாருடைய குலத்தொழிலும் இல்லை. ஆறன்முளை விகிதத்தைப்போல எந்தக் குடும்பமும் அதற்குப் பட்டா வைத்திருக்கவில்லை; புறம்போக்கு நிலம் மாதிரி. உருக்கிய மெழுகைத் துணியில் வைத்தால் அந்த இடத்தில் சாயம் ஏறாது என்பதுதான் சூட்சுமம். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போகவேண்டும். சாயம் சூடாக இருந்தால் மெழுகு கரைந்துவிடும், ஆகவே தொட்டி ஆறியிருக்க வேண்டும். பாரபின் மெழுகு தூக்கலாக இருந்தால் நொறுங்கி வெடிப்பு விழும். அந்த வெடிப்பில் சாயம் இறங்கி நரம்பு நரம்பாகக் கோடு ஓடும். தேன்மெழுகு கூடினால் மெழுகு வளைந்து கொடுக்கும், கோடு குறையும். எவ்வளவு கோடு வேண்டுமோ அதற்குத் தக்க கலவை. கடைசியில் மெழுகை எடுக்க வெந்நீரோ, காகிதம் வைத்து இஸ்திரியோ. ஓவியம் படித்த கைக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஒருவர் கண்ட கலவையை இன்னொருவருக்குச் சொல்வதில் நஷ்டமும் இல்லை. ஏனென்றால், விற்ற பணத்தின் ஒரு பங்கு போய்ச் சேருவது எல்லோருக்கும் பொதுவான ஒரு நிலத்தில்.

போட்டியாளர்கள் இங்கே எப்படிக் கூட்டாளிகள் ஆனார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். அவர்களுடைய மனசு திடீரென்று விசாலமாகிவிட்டது என்று சொல்ல அவசியம் இல்லை. போட்டி போடாத ஒரு பொருளை அவர்கள் தேர்ந்துகொண்டார்கள். பாத்திக்கில் யாருக்கும் பெயர் வாங்கும் ஆசை இல்லை. சோற்றுக்கான வேலை என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட வேலை அது. சோற்றுக்கான வேலையில் அகங்காரம் குறைவு. அதனால் அதைப் பகிர முடிந்தது.

3

அவர்கள் பகிராதது ஓவியத்தை. பணிக்கரின் எழுத்தும் கட்டமும் குறிகளும் நிறைந்த படங்களையும், சுல்தான் அலியின் பழங்குடித் தொன்மங்களையும், நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரியும். ஒரு வேலி, ஒரு கிணறு, ஒரு விற்பனைக் கூடம் என்று இருந்தவர்கள், சட்டகத்துக்கு முன்னால் தனித்தனியாகத்தான் நின்றார்கள்.

இதற்கு எதிர்த்திசையில் போன ஒரு முயற்சியையும் பார்க்கலாம். ஆங்கிலக் கட்டிடக் கலைஞர் சி.ஆர். ஆஷ்பி 1888இல் கிழக்கு லண்டனில் கைவினைஞர் கில்டு ஒன்றைத் தொடங்கினார். மரச்சாமான், வெள்ளி வேலை, நகை, பின்னால் அச்சும். 1902இல் அதை அப்படியே பெயர்த்துச் சிப்பிங் கேம்டன் என்ற கிராமத்துக்குக் கொண்டுபோனார். பெண்டு பிள்ளைகளோடு சுமார் 150 பேர் போனார்கள். அங்கே பட்டறை மட்டும் பொதுவாக இருக்கவில்லை. பாட்டும் நாடகமும் விளையாட்டும், எளிய வாழ்க்கை என்ற தத்துவமும் பொது. ஒரு மனிதரின் லட்சியத்தை எல்லோரும் சேர்ந்து வாழ்ந்து காட்டவேண்டும் என்பது ஏற்பாடு. 1907-08இல் கில்டு கலைக்கப்பட்டது. காரணம் பெரும்பாலும் லௌகீகமானது. லண்டனில் வேலை மந்தமாகும்போது ஆட்கள் வெளியே போய்க் கொஞ்ச நாள் சம்பாதித்துவிட்டுத் திரும்பலாம். கிராமத்தில் அதற்கு வழியில்லை. பொழுதுபோக்காக நகை செய்து மலிவாக விற்கும் வசதியுள்ள பெண்களின் போட்டி வேறு. லட்சியத்தைப் பகிர்ந்தவர்களால் மந்தமான மாதத்தைப் பகிர முடியாமல் போயிற்று. கில்டிலிருந்து வந்த ஒரு வெள்ளிப் பட்டறை மட்டும் அந்த ஊரில் தலைமுறை தாண்டியும் நடந்துவருகிறது. தத்துவம் போய்விட்டது, சுத்தியலும் பட்டடையும் தங்கிவிட்டன.

ஆனால் சோழமண்டலத்தை இவ்வளவு சுத்தமாக இரண்டாகப் பிளந்துவிட முடியுமா என்ற ஆட்சேபம் நியாயமானது. பகலெல்லாம் மெழுகில் கோடு இழுத்த கை, சாயங்காலம் சட்டகத்துக்கு முன்னால் வேறு கையாகிவிடாது. கை பழகியது கண்ணையும் பழக்கும். சென்னைக் கலைஞர்களின் கோட்டு மோகம், அலங்காரச் சாயல் என்று பலமுறை பேசப்பட்டவற்றில் கைவினையின் பங்கு இல்லை என்று சாதிப்பது கஷ்டம். தொழில் நுணுக்கம் பார்வைக்குச் சம்பந்தமில்லாத வெறும் கருவி என்று நானும் சொல்லவில்லை. நுணுக்கம் பார்வைக்குள் கசியும். கசியட்டும். கசிவது வேறு, பார்வையையே கூட்டுச் சொத்தாக எழுதிவைப்பது வேறு. முன்னதில் ஒவ்வொருவனும் கசிந்ததைத் தன் வழியில் ஏற்கலாம், துடைத்தும் விடலாம். பின்னதில் துடைப்பவன் துரோகியாகிவிடுகிறான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அதை ஒரு மனிதரின் பெயராகத்தான் சொல்ல முடியும். கே. ராமானுஜம் 1941இல் பிறந்தவர், சோழமண்டலத்தில் வாழ்ந்தவர். கோபுரமும் மண்டபமும் பாம்பும் பறவையும் நெருங்கிக் கிடக்கும் கனவு நகரங்களை வரைந்தார். அந்த நகரங்களுக்குள் தொப்பி வைத்த ஒரு உருவமாகத் தாமே நடமாடினார். 1973இல் அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கூட இருந்தவர்கள் தவறினார்கள் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. நான் சொல்லவும் இல்லை. கூரையைப் பகிரலாம், சாயத்தொட்டியைப் பகிரலாம், அவனுடைய படத்தை விற்றும் தரலாம். அந்த நகரத்துக்குள் இன்னொருவர் நுழைந்து அவனோடு நடக்க முடியாது. பரஸ்பர உதவியைப் பற்றி நாம் பேசும் எதற்கும் இந்த எல்லை இருக்கிறது. எல்லையைத் தெரிந்துகொண்டு செய்கிற உதவிக்கு ஒரு பணிவு வரும். தெரியாமல் செய்கிற உதவி சீக்கிரமே உரிமை கொண்டாட ஆரம்பித்துவிடும்.

4

உதவி உரிமை கொண்டாடுவது எங்கே தொடங்குகிறது? வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் தனித்தனி அதிகாரமாக வைத்திருக்கிறார். 22ஆவது ஒப்புரவு, அதற்குப் பின்னால் ஈகை. ஈகை ஒன்றும் இல்லாதவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகள் வேறு: ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்தாகும் மரம். இவற்றில் கொடுப்பவன் மேலேயும் வாங்குபவன் கீழேயும் நிற்கவில்லை. ஊருணியில் தண்ணீர் எடுப்பவன் யாரிடமும் கை நீட்டவில்லை. ஊரில் அவனும் ஒருவன், அவ்வளவுதான்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது சேந்தமங்கலத்துக் கைத்தறிச் சங்கங்களில் ஓணத்துக்கென்று நெய்து அடுக்கியிருந்த துணி சேற்றில் ஊறிப்போயிற்று. எரித்துவிடலாமா என்ற யோசனையில் இருந்த துணியைச் சிலர் வாங்கிச் சுத்தம் செய்து, கறையோடேயே சிறு பொம்மைகளாகக் கட்டினார்கள். சேற்றிலிருந்து பிழைத்த குட்டி என்ற பொருளில் சேக்குட்டி என்று பெயர். ஒரு பொம்மை ₹25. ஒரு புடவையிலிருந்து 360 பொம்மை. ஆயிரத்துச் சொச்சம் விலைபோகும் புடவை ₹9,000 ஆயிற்று. பல ஊர்களில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பொம்மை கட்டினார்கள். அழகான காரியம், அதில் புத்தியும் இருந்தது, கருணையும் இருந்தது. குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அதன் இயல்பு என்ன என்று கேட்கலாம். பொம்மையை வாங்கினவர்கள் வாங்கியது நெசவை அல்ல, கறையை. அதாவது ஒரு துயரத்தின் அடையாளத்தை. அது ஈகையின் நல்ல வடிவம். ஈகை ஒருமுறை வரும், மிஞ்சிப்போனால் இரண்டுமுறை. மூன்றாவது ஓணத்துக்குக் கறையில்லாத புடவையைத்தான் விற்கவேண்டும். அதற்கு அலைந்து நூல் சேகரித்து, முழுகிய தறியைப் பழுது பார்த்து, பாவு ஓட்ட ஒருவருக்கொருவர் ஆளாக நிற்கவேண்டும். இந்த இரண்டாவது வேலைக்குப் படம் எடுக்க யாரும் வருவதில்லை. இது ஒப்புரவு. நெருக்கடியைப் பற்றிய நம்முடைய பேச்சில் முதலாவது எப்போதும் இரண்டாவதை மறைத்துவிடுகிறது.

2020 மார்ச் 25இல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது கண்காட்சி இல்லை, திருவிழா இல்லை, கல்யாணமும் பேருக்குத்தான். அந்த வருஷம் ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டு தொடக்கத்திலுமாகக் கைத்தறி வாரியத்தையும் கைவினை வாரியத்தையும் மத்திய அரசு கலைத்தது. அந்த வாரியங்களால் என்ன நடந்துவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் தொழில்காரன் தன் குறையைச் சொல்வதற்கென்று இருந்த ஒரு மேஜை, அவன் குறை உச்சத்தில் இருந்த நேரம் பார்த்து எடுக்கப்பட்டது. மீந்திருந்தது பக்கத்துப் பட்டறை மட்டும்.

5

பக்கத்துப் பட்டறையிடம் அப்போது பணம் இருக்காது என்பதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு.

புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரங்களில் மொய் விருந்து என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கல்யாணம் காதுகுத்து என்ற சாக்குக்கூட வேண்டாம். ஆடி மாதத்தை ஒட்டிக் கறிச்சோறு போட்டு ஊரை அழைப்பார்கள். வந்தவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். விருந்து வைத்தவருக்கு ஒரே நாளில் ஒரு பெருந்தொகை சேரும். பின்னால் ஒவ்வொருவர் முறை வரும்போதும் வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டித் திருப்பவேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. இருப்பது ஒரு நோட்டு. இதைப் பார்த்துப் பட்டணத்துக்காரர்கள், அன்பைக் கணக்குப் பார்க்கிறார்களே என்று முகம் சுளிப்பதுண்டு.

எனக்கு அந்த நோட்டின் மேல் மரியாதை. வங்கியில் நான் தினமும் பார்ப்பது ஜாமீன் கையெழுத்து. ஒரு மனிதனின் நண்பன் வங்கியின் கண்ணுக்கு அவனுடைய இரண்டாவது சட்டைப் பை. முதல் பை காலியானால் அதில் கை விடலாம். அந்தக் கையெழுத்து நட்பை அளந்து, தேவைப்பட்டால் ஜப்தியும் செய்யும். மொய் நோட்டின் தர்மம் வேறு. அதை எழுதி வைத்துக்கொள்வது வாங்கினவன். கொடுத்தவனும் தன் வீட்டில் குறித்து வைத்திருப்பான் என்பது வேறு விஷயம். ஆனால் நியாயப்படி நோட்டு வாங்கினவன் வீட்டில் இருக்கிறது. கடமைக்குக் கைம்மாறு வேண்டாம் என்று மழையைக் காட்டித்தான் வள்ளுவரும் ஒப்புரவைத் தொடங்குகிறார். அது கொடுப்பவனுக்குச் சொன்னது. வாங்குபவன் மறந்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. கொடுத்தவன் மறக்கவேண்டும், வாங்கினவன் எழுதிவைக்க வேண்டும். தமிழில் கடன் என்ற ஒரே சொல் பாக்கிக்கும் கடமைக்கும் நின்றுகொண்டிருப்பது தற்செயல் இல்லை என்று தோன்றுகிறது. கணக்கு இல்லாத இடத்தில் வாங்கினவன் கடனாளியாக இருப்பதில்லை, நன்றியுள்ளவனாக இருக்கவேண்டியதாகிறது. கடனுக்கு அளவு உண்டு, தீர்த்துவிட்டு நிமிரலாம். நன்றிக்கு அளவு இல்லை; அது ஆயுள் முழுவதும் முதுகை வளைத்து வைக்கும்.

ஆனால் மொய்க்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. இன்று எனக்கு, நாளை உனக்கு என்பது அதன் கணக்கு. எல்லோருக்கும் ஒரே நாளில் இழப்பு வந்தால் நாளை என்பது யாருக்கும் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அந்த வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்தது. சாய்ந்தது ஒருவன் தோப்பு மட்டும் இல்லை. ஊரடங்கும் அப்படித்தான். எல்லாப் பட்டறையும் ஒரே தேதியில் மூடின. கைமாற்றுக்குக்கூட ஒரு கையில் பணம் இருக்கவேண்டும்.

நுணுக்கம் உண்மையான நாணயமாவது இந்த இடத்தில். வெள்ளத்தில் அது நனைவதில்லை, ஊரடங்கில் அதற்குப் பூட்டில்லை. பொருளைப் படம் எடுக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொன்னார். உடையாமல் பார்சல் கட்டத் தெரிந்தவர் அதைச் சொன்னார். கூலியைச் சேர்த்து விலை போடுவது எப்படி என்று ஒருவர் சொல்லக் கேட்டுத்தான் பலர் முதல்முறையாகத் தம் உழைப்புக்குக் கணக்குப் போட்டார்கள். கவனியுங்கள், இங்கேயும் கைமாறியது ஆறன்முளை விகிதம் அல்ல. யாரும் தம் கையின் அந்தரங்கத்தைப் பொதுவில் வைக்கவில்லை. தொழிலைச் சுற்றியுள்ள வேலைகள்தான் பகிரப்பட்டன. சோழமண்டலத்தில் மெழுகு எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் இங்கே பார்சல் இருந்தது.

6

இவ்வளவையும் நான் சொல்ல வந்தது நம்மைப் பற்றிப் பேசுவதற்காக. ஒரு சிறுபத்திரிகையும் சிறு கலைத்தொழில்தான். இருநூறு முந்நூறு வாசகர்கள், அவர்களில் பாதிப் பேர் எழுதுகிறவர்கள். அச்சகத்துப் பாக்கி, காகித விலை, தபால் செலவு. பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது புத்தகத்தைப் பார்சலாகக் கட்டி அனுப்பிய எவருக்கும் நெருக்கடி என்ற சொல்லுக்கு அகராதி தேவைப்பட்டிருக்காது.

நாம் எதைப் பகிர்ந்தோம்? ‘எழுத்து’ 1959 முதல் 1970 வரை வந்தது. சி.சு. செல்லப்பா புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றதை நாம் ஒரு புராணம்போலச் சொல்லிக்கொள்கிறோம். அதில் பெருமை அவருக்கு. நமக்கு அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்து சுமக்க வேண்டிய மூட்டையை ஒருவர் சுமந்தார் என்பதுதான் அந்தக் கதை. பின்னால் வந்த பத்திரிகைகளிலும் இந்த லட்சணம் பெரிதாக மாறவில்லை. ‘கசடதபற’வை 1970இல் நண்பர்கள் சேர்ந்துதான் தொடங்கினார்கள். குழு சேர்ந்து நடத்திய பத்திரிகைகள் இருந்திருக்கின்றன, இருக்கின்றன. ஆனால் பொதுவாக ஒரு பத்திரிகை நின்று போனபின் பாக்கி யார் பெயரில் இருந்தது என்று பார்த்தால், ஒரு பெயர்தான் இருக்கும்.

அதே சமயம், பகிரக் கூடாததைத் தாராளமாகப் பகிர்ந்திருக்கிறோம். ரசனையைப் பகிர்ந்திருக்கிறோம். ஒரு குழு என்றால் ஒரே அபிப்பிராயம். குழுவில் ஒருவன் தொகுப்புக் கொண்டுவந்தால் இன்னொருவன் முன்னுரை, மூன்றாமவன் மதிப்புரை, நாலாமவன் வெளியீட்டு விழாவில் பேச்சு. அடுத்த வருஷம் முறை மாறும். வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டித் திருப்பவேண்டும். ‘நல்ல முயற்சி’ என்று வாங்கினவன் ‘முக்கியமான வரவு’ என்று எழுதுவான். அது திரும்பி வரும்போது ‘தமிழில் இதுவரை இல்லாதது’ ஆகியிருக்கும். நோட்டு யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ஒருவரும் ஒரு வரவையும் மறப்பதில்லை. மொய் எழுத வேண்டிய அச்சுக்கூலியில் நாம் எழுதவில்லை. மொய் எழுதவே கூடாத விமர்சனத்தில் பத்து வருஷத்து மொய்யை எழுதி வைத்திருக்கிறோம்.

இதற்கு நெருக்கடியைக் காரணம் காட்டுவார்கள். இருப்பதே நாலு பேர், வெளியே ஒரு பெருங்கூட்டம் நம்மைச் சீந்துவதில்லை, இந்த நிலையில் நமக்குள் கடுமை வேண்டுமா என்று. அந்தக் கேள்வியில் உள்ள களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஆதரவு என்று நாம் நினைத்துக்கொண்டு செய்வது கவிஞனுக்கு என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். அவனிடம் இருக்கும் ஒரே முதல் அவனுடைய பார்வை. அது சரியாக இருக்கிறதா, மங்குகிறதா என்று அவனாலேயே முழுக்கப் பார்த்துக்கொள்ள முடியாது. ஆறன்முளைக் கண்ணாடியின் விசேஷம் பிம்பம் உலோகத்தின் மேற்பரப்பிலேயே விழுவது. விரல் நுனியை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரியாது. அப்படி ஒரு கண்ணாடியைத்தான் அவன் நண்பனிடம் எதிர்பார்க்கிறான். நாம் ரசம் பூசிய கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, சகாயம் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். அவனுக்குச் சோறு போடும் காரியத்தில் விலகி நின்றுவிட்டு, அவனுடைய படைப்பைப் பற்றிப் பொய் சொல்லும் காரியத்தில் மட்டும் கூட நிற்பது எந்த வகை ஒப்புரவு?

செய்யக்கூடியவை சாதாரணமானவை. காகிதத்தைச் சேர்ந்து வாங்கலாம். மூன்று பத்திரிகைகள் ஒரே அச்சகத்தில் ஒரே வாரத்தில் ஏற்றினால் கூலி குறையும். ஒருவருடைய சந்தாதாரர் பட்டியலை மற்றவர் பயன்படுத்தலாம். மெய்ப்புப் பார்க்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். தமிழில் நல்ல மெய்ப்புத் திருத்துகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், இது ஒரு சந்தையைப் பிரிக்காத நுணுக்கம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு நோட்டில் வெட்கமில்லாமல் எழுதி வைக்கலாம். இவையெல்லாம் மெழுகு, சாயம், பார்சல். இவற்றில் கணக்கு நேராக இருந்தால் மற்ற இடத்தில் கணக்குப் பார்க்கும் நிர்ப்பந்தம் போய்விடும். பங்குப் பணம் கொடுத்தவனுக்கு நாம் பட்டிருப்பது ஒரு தொகை. அந்தத் தொகையைப் பணமாகவோ உழைப்பாகவோ திருப்பிவிட்டால், அவன் கவிதைக்கு நாம் பட்டிருப்பது உண்மை மட்டும்தான்.

அச்சுக்கூலியில் பாதியைக் கொடுத்த நண்பனின் கவிதையை, காரணத்தை இரண்டு வரி எழுதி, அதே வாரத்தில் திருப்பி அனுப்பக்கூடிய பத்திரிகை நம்மிடம் எத்தனை இருக்கிறது? திரும்பி வந்த கவிதையை வாங்கிக்கொண்டு அடுத்த இதழின் தபால்தலை ஒட்ட வந்து உட்காரக்கூடிய நண்பர்கள் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்துக்கொண்டு, அதன்பின் நெருக்கடியைப் பற்றிப் பேசலாம்.